யாருடைய நேரம்? சதுரங்கக் கடிகாரம் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

1

‘மாமா, இதுல எதை அமுக்கணும்?’

அக்கா மகள் கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் கட்டுரை தொடங்குகிறது. அவளுக்குப் பதிமூன்று வயது. காரைக்குடி செக்காலைப் பக்கம் வாடகை வீடு. பள்ளிக்கூடத்தில் செஸ் கற்றுக்கொண்டவள், அவள் அப்பாவின் கைபேசியில் முதல்முறையாக இணையத்தில் ஆடப்போனாள். யாரோடு ஆடப்போகிறாய் என்று அந்தத் திரை அவளிடம் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்றுதான் கேட்டது. சின்னச் சின்னக் கட்டங்களில் எண்கள்: 1+0, 2+1, 3+0, 3+2, 5+0, 10+0, 15+10, 30+0. இன்னும் தள்ளிப்போனால் ஒரு நகர்த்தலுக்கு 3 நாள் என்றுகூட இருக்கிறது. தமிழில் எம்.ஏ. படித்துவிட்டுப் பிரதி, வாசிப்பு, அதிகாரம் என்று எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இந்த எண்களில் வாசிக்க ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. ‘எதையாவது அமுக்கு, எல்லாம் ஒண்ணுதான்’ என்று சொல்லிவிட்டேன்.

அவள் 3+0 என்பதை அமுக்கினாள். எதிராளியின் ராணியை வெட்டினாள். ஒரு யானை வேறு கூடுதலாக இருந்தது. திடீரென்று ஆட்டம் நின்றது. தோற்றுவிட்டாய் என்று திரை சொன்னது.

‘நான்தானே ஜெயிச்சுக்கிட்டிருந்தேன்?’

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்பது பதில் ஆகாது. அவளது நேரம் எப்போது, யாரால், எதற்காக மூன்று நிமிடம் என்று அளக்கப்பட்டது? இரண்டு பேருக்கும் ஒரே அளவுதானே கொடுக்கப்பட்டது, பிறகு ஏன் அநியாயம் நடந்தது போல அவள் முகம் இருந்தது? இந்தக் கேள்விகளோடு சில மாதம் அலைந்ததில் கிடைத்தவற்றைத்தான் இங்கே தொகுத்து வைக்கிறேன். ‘விளையாட்டில்கூட அதிகாரத்தைத் தேட வேண்டுமா?’ என்று நண்பர்கள் சலித்துக்கொள்ளலாம். பரவாயில்லை. ஒரு சிறுமியின் யோசனைக்குக் கெடு வைக்கிற இடத்தில் அதிகாரம் இல்லையென்றால் வேறெங்கே இருக்கப்போகிறது?

எண்களைப் பழகாதவர்களுக்காக: முதல் எண், ஆட்டம் முழுவதற்கும் ஒருவருக்குக் கிடைக்கும் நிமிடங்கள். கூட்டல் குறிக்குப் பிறகு வருவது, ஒவ்வொரு முறை காயை நகர்த்தி முடித்ததும் அவர் கணக்கில் சேர்கிற விநாடிகள். இதற்கு இன்கிரிமென்ட் என்று பெயர். ஆபீஸில் வருஷத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் ஏறுகிறதே, அதே சொல்தான். இந்த ஒற்றுமைக்குப் பிறகு வருகிறேன்.

2

சதுரங்கம் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கடிகாரம் இல்லாமல்தான் ஆடப்பட்டது. நம் பக்கத்து விளையாட்டுகள் எதிலுமே கடிகாரம் கிடையாது. செட்டிநாட்டு வீடுகளின் வளவில் உட்கார்ந்து பெண்கள் ஆடிய பல்லாங்குழியும் தாயமும் அடுப்பு வேலை கூப்பிடும்போது நின்றன. வேலை முடிந்ததும் தொடர்ந்தன. கோயில் கல்தளத்தில் கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. பலம் சமமில்லாதவர்களை மோதவிட வேண்டுமானால் எண்ணிக்கையைச் சமமாக வைக்கக் கூடாது என்பது அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

திருவேங்கடாச்சாரியார் என்கிற சாஸ்திரி எழுதிய சதுரங்க நூல் 1814-ல் பம்பாயில் ஆங்கிலத்தில் அச்சானது. இந்திய ஆட்டத்தை ஐரோப்பிய விதிகளுக்குத் தக்கபடி மாற்றித் தருகிறோம் என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்ட நூல் அது. நம்மூர் ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலில் ஒரு கட்டம்தான் போகும்; ஐரோப்பாவில் இரண்டு கட்டம் போகலாம். இப்படி விதிகள் கைமாறின. நேரம் கைமாறவில்லை. ஐரோப்பாவிலேயே அப்போது நேர விதி இல்லை.

அது வந்தது தொழிற்சாலைகளின் இங்கிலாந்திலிருந்து. 1851-ல் லண்டனில் மாபெரும் தொழிற் பொருட்காட்சி நடந்தபோது, அதையொட்டி முதல் சர்வதேசச் சதுரங்கப் போட்டியும் நடந்தது. கடிகாரம் இல்லை. எலைஜா வில்லியம்ஸ் என்கிற ஆட்டக்காரர் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்றும், அவரோடு மோதித் தோற்ற ஹோவர்ட் ஸ்டான்டன் இதைப் பெரிய புகாராக்கினார் என்றும் சதுரங்க வரலாறுகள் சொல்கின்றன. ஆக, மெதுவாக யோசிப்பது முதல்முறையாகக் குற்றமானது. பத்தே வருஷத்தில், 1861-ல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணல் கடிகாரம் வைத்தார்கள்: 2 மணி நேரத்தில் 24 நகர்த்தல். 1883 லண்டன் போட்டியில் மான்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்சனின் இரட்டைக் கடிகாரம் வந்தது. ஏற்றப்பலகை மாதிரி ஒரு பக்கம் தாழ்ந்தால் அது நிற்கும், மறுபக்கம் ஓடும். மான்செஸ்டர் என்பதைக் கவனியுங்கள். பஞ்சாலைகளின் ஊர். ஆலைச் சங்கும் வருகைப் பதிவும் மனித உடலுக்குள் கடிகாரத்தைப் புகுத்திய கதையை ஈ.பி.தாம்சன் 1967-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விரித்துச் சொல்லியிருக்கிறார். ஆலைக்காரன் உழைப்புக்குச் செய்ததைச் சதுரங்கக் கழகத்துக்காரன் யோசனைக்குச் செய்தான்.

கெடு தாண்டினால் என்ன தண்டனை என்பதில் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. 1906-ல் நியூரம்பெர்க் போட்டியில் தோல்விக்குப் பதில் அபராதம் விதித்துப் பார்த்தார்கள்: தாண்டுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு மார்க். வசூலிக்க முடியாமல் கைவிட்டார்கள். காசுள்ளவன் நேரத்தை விலைக்கு வாங்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்ன விதி அது. அதே 1906 ஜனவரி முதல் தேதிதான் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்ற ஏற்பாடு அமலுக்கு வந்தது. அதுவரை ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. கல்கத்தாவும் பம்பாயும் விட்டுக்கொடுக்காமல் பல பத்தாண்டுகள் தங்கள் சொந்த நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தன. நேரம் இயற்கையானது, எல்லோருக்கும் பொதுவானது என்று நாம் நம்புவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசில்லை.

3

இங்கே ஊர்ப்பக்கம் ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது. நேரத்தை எண்ணிக் கணக்கில் எழுதுவது என்றால் என்னவென்று காரைக்குடிக்கு மான்செஸ்டர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்தார் தொழிலின் மூலப்பொருளே நேரம்தான். பெட்டியடிப் பையனாகச் சேர்கிற சிறுவன் முதலில் பழகுவது வட்டிக் கணக்கு. அப்புறம் அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறுவான். கொண்டுவிற்கப் போகிறவர் கப்பலேறினால் மூன்று வருஷம் ஒரு கணக்கு. அந்த மூன்று வருஷம் வீட்டிலிருக்கும் பெண்ணின் ஆயுளிலும் கழிந்தது. அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. தவணை, கெடு, நடப்பு என்ற சொற்கள் எல்லாமே காலத்தைக் குறிப்பவை. எல்லாமே பணத்தையும் குறிப்பவை. ரங்கூனில் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள் என்றால், நாளைய நேரத்துக்கு என்ன விலை என்பதைக் கூடித் தீர்மானித்தார்கள் என்று பொருள்.

இந்தச் சொற்களைக் கொண்டு சதுரங்கத்தின் நேர ஏற்பாடுகளை வாசித்தால் அவற்றின் உருவம் தெளிவாகிறது. 40 நகர்த்தலுக்கு 2 மணி என்பது தவணை: கெடுவுக்குள் நாற்பதைக் கட்டிவிட்டால் அடுத்த தவணை திறக்கும். 3+0 என்பது ஒரே கைமாற்று. வாங்கியதைச் செலவழிக்கலாம், புதிதாக எதுவும் வராது. இன்கிரிமென்ட் என்பது வேலைக்குக் கூலி. டேவிட் பிரான்ஸ்டைன் பெயரால் வழங்கும் முறை சலுகை நாள் மாதிரி. ஒவ்வொரு நகர்த்தலிலும் முதல் சில விநாடிகள் கணக்கில் கழிவதில்லை, ஆனால் மிச்சம் பிடித்துச் சேர்த்துவைக்கவும் முடியாது. ஒரே பலகை, ஒரே முப்பத்திரண்டு காய். பத்திரம் மாறினால் ஆட்டம் மாறுகிறது.

கெடு எல்லோருக்கும் ஒன்று என்பதன் அர்த்தம் என்ன என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தார் கடைகள் சுமார் 1,650. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அப்போது அவர்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. நெல் விலை சரிந்தது. கெடு சரியவில்லை. 1936-37-ல் அது 25 பங்கு. செட்டியார்கள் திட்டமிட்டுப் பிடுங்கினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு மேலே வங்கிகளின் கெடு இருந்தது. ஆனால் ஒரு விளைச்சலை மட்டுமே நம்பியிருந்த பர்மிய விவசாயிக்கும், நாலு ஊரில் கடை வைத்திருந்தவருக்கும் ஒரே தேதி ஒரே தேதியாக இருக்கவில்லை. பிறகு 1942-ல் ஜப்பான் படை வந்தபோது ஊர் திரும்பியவர்களின் கணக்கும் பாதியில் நின்றது. பேரேடு மிஞ்சியது, நேரம் முடிந்தது. இந்த ஊரின் பெரிய வீடுகளுக்குள் இரண்டு தரப்பின் கொடியும் விழுந்து கிடக்கிறது.

கொடி என்று சொல்வது உவமைக்காக மட்டும் இல்லை. பழைய சதுரங்கக் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உலோகக் கொடி உண்டு. நிமிட முள் அதைத் தூக்கிக்கொண்டே போகும். மணி நிறைகிறபோது கொடி விழும். விழுந்தால் தோல்வி.

4

தமிழ்நாட்டுக்குள் கடிகாரச் சதுரங்கம் பரவிய கதையிலும் பர்மா வருகிறது. 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன் பிறந்தது 1935-ல் பர்மாவின் டாங்கூவில். அவர் முன்னின்று 1972-ல் மெட்ராஸ் சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகயீல் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். ரஷ்யப் புத்தகம், ரஷ்யக் கடிகாரம், ரஷ்யப் பத்திரிகை. இடதுசாரி நண்பர்கள் பலருக்கு மாஸ்கோ பதிப்பகத்தின் மலிவு விலை நாவல்கள் எப்படியோ, செஸ் ஆடுகிறவர்களுக்கு அந்த மையம் அப்படி.

அங்கே நடந்த ஒன்று என் வாதத்துக்கு முக்கியம். பலகை கொஞ்சம், ஆள் நிறைய. எனவே ஐந்து நிமிட பிளிட்ஸ். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் இந்த வரிசையில்தான் வளர்ந்தார். இதைப் பல இடங்களில் அவரே சொல்லியிருக்கிறார். எதிராளி மணிக்கணக்கில் யோசிக்க, இவர் சில நிமிடங்களில் ஆடி முடித்துவிட்டு எழுந்து உலாவுவார். மேல்நாட்டுப் பத்திரிகைகள் மின்னல் சிறுவன் என்று பட்டம் கொடுத்தன. 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வேகம் அவருடைய பிறவி மேதைமை என்றே எழுதுகிறார்கள். மேதைமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு பொருளாதாரம் இருந்தது. நாற்காலி போதாத ஊரில் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள வேகமாக ஆடித்தான் ஆக வேண்டும். பற்றாக்குறையிலிருந்து பிறந்த ஒரு பழக்கத்தை இயற்கை வரம் என்று வாசிப்பது நமது விமர்சன மரபுக்கும் பழக்கமான தவறுதான்.

5

இன்கிரிமென்டுக்கு வருவோம். இதை உருவாக்கியவர் பாபி ஃபிஷர். 1972-ல் உலகப் பட்டம் வென்று, 1975-ல் அதைக் காக்க ஆட மறுத்து, பின்னாளில் யூத வெறுப்பைக் கக்கிக்கொண்டு திரிந்த மனிதர். ஆள் இப்படி, ஆனால் அவர் யோசனை வேறு விதம். 1988-ல் விண்ணப்பித்து 1989-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய அவருடைய கடிகாரத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கொஞ்சம் நேரம் திரும்பி வந்தது. 1992-ல், யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்த யூகோஸ்லாவியாவில், ஐ.நா. தடையை மீறி ஸ்பாஸ்கியோடு ஆடியபோது அதைப் பயன்படுத்திக் காட்டினார்.

அதுவரை எல்லாக் கடிகாரமும் கழித்தல் மட்டுமே செய்தன. இது கூட்டியது. ஜெயிக்கிற நிலையில் இருப்பவர் கொடி விழுந்து தோற்கக் கூடாது; ஆடிக்கொண்டிருக்கும்வரை அவருக்கு ஆடத் தேவையான குறைந்தபட்ச நேரமாவது இருக்க வேண்டும் என்பது இதன் தர்க்கம். கூலி உழைப்பின் பாஷையில் சொன்னால், குறைந்தபட்சக் கூலி. இன்று கிளாசிக்கல் போட்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது ஒலிம்பியாடில் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம், முதல் நகர்த்தலிலிருந்தே 30 விநாடி இன்கிரிமென்ட். எங்கள் காரைக்குடிப் பையன் பிரணேஷ் 2023 ஜனவரியில் ஸ்டாக்ஹோமில் ரில்டன் கோப்பையை வென்று இந்தியாவின் 79-வது கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு வயது 16. 2025-ல் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவையும் வென்றார். யோசிக்க நேரம் கொடுக்கிற ஆட்டத்தில் சின்ன ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் மேலே இருப்பவர்கள் எப்போதும் சலுகையைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். 2024-ல் குகேஷ் உலகப் பட்டம் வென்ற சிங்கப்பூர் போட்டியில் முதல் 40 நகர்த்தலுக்கு 2 மணி நேரம். அதில் இன்கிரிமென்ட் கிடையாது. 41-லிருந்துதான் 30 விநாடி. நாற்பதை எட்டும் முன் தவிக்கிற தவிப்பு பார்வையாளருக்குச் சுவை. டிசம்பர் 12-ல் 14-வது ஆட்டத்தில் டிங் லிரன் 55-வது நகர்த்தலில் யானையை வைத்துத் தவறியது அந்த நாற்பதைத் தாண்டிய பிறகு, பல மணி நேரச் சோர்வுக்குப் பிறகு. கடிகாரத்தில் ஏறாத நேரமும் ஒன்று இருக்கிறது. அது உடம்பில் ஓடுகிறது.

6

இணையத்துக்கு வருவோம். 1992-ல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் இலவசமாக ஒரு சதுரங்க சர்வரைத் தொடங்கினார்கள். உலகெங்கும் தன்னார்வலர்கள் உழைத்தார்கள். 1995-ல் அதை நடத்திவந்த பேராசிரியர் டேனியல் ஸ்லீட்டர் அதை வணிகமாக்கினார். வருஷத்துக்கு 49 டாலர் கட்டணம். உழைத்தவர்களில் ஒரு பிரிவினர் கோபித்துக்கொண்டு வெளியேறி அதே வருஷம் இலவச சர்வர் ஒன்றைத் தொடங்கினார்கள். பொதுநிலத்துக்கு வேலி போடுகிற பழைய கதைதான். இன்றும் அந்தப் பிளவு இருக்கிறது: 2007-ல் தொடங்கிய செஸ்.காம் வணிக நிறுவனம். 2010-ல் பிரான்சில் தொடங்கிய லிசெஸ் விளம்பரமும் கட்டணமும் இல்லாமல் நன்கொடையில் நடக்கிறது.

அந்தத் தொடக்க காலத்திலேயே ஒரு பிரச்சினை தலைகாட்டியது. நகர்த்தல் கம்பி வழியாகப் பயணம் செய்ய ஆகும் நேரம் யார் கணக்கில்? சர்வருக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு நட்டமில்லை. தூரத்தில், மோசமான இணைப்பில் இருப்பவனின் கடிகாரம் அவன் யோசிக்காதபோதும் ஓடியது. இதை ஈடுகட்டத் தனி நிரல்கள் எழுதினார்கள். லிசெஸ் இப்போதும் ஓர் அளவுவரை ஈடு தருகிறது. அளவுக்கு மேல் போனால் உன் பாடு. மழைக்குச் சிக்னல் போகிற சாக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைக்கும் ஃபைபர் இணைப்புள்ள பெங்களூர்ப் பிள்ளைக்கும் 3+0 என்பது ஒரே மூன்று நிமிடம் ஆகாது.

பெயரிடுவதிலும் அரசியல் உண்டு. 10 நிமிட ஆட்டம் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதியில் பிளிட்ஸ். 10-க்கு மேலே 60-க்குள் இருந்தால்தான் ரேப்பிட். இணையத் தளங்களிலோ அதே 10 நிமிடம் ரேப்பிட். கூட்டமைப்பு ஓர் ஆட்டத்துக்கு 60 நகர்த்தல் என்று வைத்துக் கணக்கிடுகிறது. லிசெஸ் 40 என்று வைக்கிறது. ஆக 5+5 என்பது ஓரிடத்தில் 10 நிமிடம், பிளிட்ஸ். இன்னோரிடத்தில் 500 விநாடி, ரேப்பிட். வேகம் கூடக் கூட, மெதுவானது என்ற சொல்லின் எல்லை கீழே இறங்குகிறது. அடிமட்டத்தில் ஒரு நிமிட புல்லட். அதற்கும் கீழே கால் நிமிடம், அதாவது ஆட்டம் முழுவதற்கும் 15 விநாடி. எதிராளி ஆடும் முன்பே நம் அடுத்த காயைச் சொல்லி வைக்கிற முன்நகர்த்தலும் உண்டு, செஸ்.காம் அதற்கு 0.1 விநாடி கழிக்கிறது, லிசெஸ் கழிப்பதில்லை. எதிரே இருப்பவர் என்ன செய்வார் என்று பார்க்காமலே பதில் சொல்லிவிடுகிற உரையாடல் இது. நமது இலக்கிய விவாதங்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

லிசெஸின் அரீனா போட்டிகளில் இன்னொன்று இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு பொத்தானை அமுக்கி உன் நேரத்தில் பாதியை விட்டுக்கொடுத்தால், ஜெயித்தால் ஒரு புள்ளி கூடுதல். இலவசத் தளத்திலும் நேரத்தை விற்று லாபம் பார்க்கிற ஆசையை விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். நானும் அமுக்கியிருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குமேல் புல்லட் ஆடி ஆடிக் கட்டைவிரல் மரத்துப்போயிருக்கிறது. நாற்பது ஆட்டம் ஆடியிருப்பேன். காலையில் ஒரு நிலைகூட நினைவில் இல்லை.

7

சமநேரம் சமநீதி ஆகாது என்பது சதுரங்க உலகத்துக்கே தெரியும். தேவைப்படும்போது ஒத்துக்கொள்ளவும் செய்கிறது. இறுதிச் சமனை உடைக்க வைக்கிற ஆர்மகெடான் ஆட்டத்தில் வெள்ளைக்கு 5 நிமிடம், கறுப்புக்கு 4. ஆட்டம் சமனானால் கறுப்பு வென்றதாகக் கணக்கு. ஆடுபுலிக்காரனின் அறிவு அங்கே எட்டிப்பார்க்கிறது. பரிசுப் பணம் இருக்கிற உச்சியில் நேரத்தைப் பங்கிட இவ்வளவு யோசிக்கிறவர்கள், கீழே பிள்ளைகள் ஆடுகிற இடத்தில் யோசிப்பதில்லை.

போன வருஷம் அக்கா மகளை ஒரு மாவட்ட அளவுப் போட்டிக்குக் கூட்டிப்போனேன். 15 நிமிட ஆட்டம். பல மேசைகளில் கடிகாரமே இல்லை. ஆட்டம் நீண்டபோது நடுவர் ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்து ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றார். ராஜாவும் யானையும் இவளிடம். எதிரே வெறும் ராஜாவும் ஒரு சிப்பாயும். கொடி விழுந்தது. ‘விழுந்துருச்சும்மா, கையெழுத்துப் போடு’ என்றார் நடுவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், முப்பது மேசைக்கு அவர் ஒருவர். இன்கிரிமென்ட் இல்லாத ஆட்டங்களுக்கென்று கூட்டமைப்பின் விதிநூலில் ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. போட்டி தொடங்கும் முன்பே அறிவித்திருந்தால், இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்ட ஆட்டக்காரர் 5 விநாடி இன்கிரிமென்ட் வைக்கும்படி கேட்கலாம். எதிராளி காயால் ஜெயிக்க முயலாமல் கடிகாரத்தால் ஜெயிக்கப் பார்க்கிறார் என்று சமன் கோரலாம். யாரும் அறிவிக்கவில்லை. யாருக்கும் அது தெரிந்திருக்கவும் இல்லை. ஏழைகளுக்கான சட்டங்களின் வழக்கமான கதி.

நடத்துகிறவர்களிடம் கேட்டேன். ‘டயம் இல்ல சார், ஒரே நாள்ல ஏழு ரவுண்டு முடிக்கணும்’ என்றார்கள். இது கணக்குப் பிசகு. 15+0 என்பதற்குப் பதிலாக 10+5 வைத்தால், 60 நகர்த்தலுக்கு ஆளுக்கு அதே 15 நிமிடம்தான் வரும். மிக நீண்டு நூறு நகர்த்தல் போனாலும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழு நிமிடம்கூடக் கூடாது. அந்த ஏழு நிமிடத்துக்காகத்தான் ஜெயித்துக்கொண்டிருந்த பிள்ளை தோற்கிறது. நேரம் இல்லை என்று அதிகாரம் சொல்லும்போதெல்லாம் நேரம் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். ரேஷன் கடையிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரி வரிசையிலும் அப்படித்தான். தேவைப்படுவது கூட்டத் தெரிந்த டிஜிட்டல் கடிகாரம். ஒன்று சில ஆயிரம் ரூபாய். இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து பொதுவில் வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

அவள் இப்போது இணையத்தில் 3+0 ஆடுவதில்லை. ஒரு நகர்த்தலுக்கு 3 நாள் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். பழைய தபால் கார்டு சதுரங்கத்தின் வாரிசு அது. மெதுவான வாழ்க்கை என்று நகரத்து மேல்தட்டு இப்போது கொண்டாடுகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கைபேசி அவள் அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, அதைக் கீழே வைக்கிற ராத்திரி ஒன்பதரை மணிக்குத்தான் அவளுக்குக் கிடைக்கும், அதுவும் அரை மணி நேரம். அதற்குள் ஆறு பேருக்குப் பதில் நகர்த்தல் அனுப்புகிறாள். அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். பகலெல்லாம் கைபேசி இல்லாமல் அந்த ஆறு நிலைகளையும் மனசில் வைத்துக்கொண்டு திரிகிறாள். நான் புல்லட் ஆடி மறந்த நிலைகளை அவள் பேருந்தில் நின்றுகொண்டே யோசிக்கிறாள்.

போன வாரம் என் குதிரை மாட்டிக்கொண்டது. வழி தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். வீட்டுக்குப் போனபோது கேட்டாள்.

‘என்ன மாமா, குதிரைய விட்டுட்டீங்களா?’

‘யோசிச்சுக்கிட்டிருக்கேன்.’

‘யோசிங்க. இன்னும் ஒருநாள் இருக்குல்ல.’

வருகிற மாதம் இங்கே ஒரு நூலகத்தின் மாடியில் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் போட்டி நடத்த நாங்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். நுழைவுக் கட்டணம் இல்லை. நேரம் 10+5. ஆறு டிஜிட்டல் கடிகாரம் கடன் வாங்கியாகிவிட்டது. இன்னும் ஆறு வேண்டும். வைத்திருக்கிற நண்பர்கள் எழுதுங்கள்.